மௌனம் காக்கும் ஊரில் காய்ச்சல்: அடி அண்ணாமலை அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அடி அண்ணாமலையிலும், அவ்வூரை ஒட்டிக் கிரிவலப் பாதையின் இருபுறமும் பரவியுள்ள குடியிருப்புகளிலும், சொந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டு வந்து தனியாகவோ கணவன் மனைவியாகவோ தங்கி வாழும் அன்பர்களுக்கு எழுதுவது இது.

இம்மடல் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சலோ உடல்வலியோ வந்து, விடியற்கால நடைக்குப் புறப்பட முடியாமல், அறையிலேயே படுத்துக்கிடக்க நேரும் ஒரு சாதாரண நாளைப் பற்றியது அது. பெருநோய்க்கு மருத்துவமனை இருக்கிறது, உறவினர் ஓடி வருகிறார்கள், செலவுக்குக் காப்பீடும் இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் காய்ச்சலுக்கு யாரும் ஊரிலிருந்து பேருந்து ஏறி வருவதில்லை. அந்த இரண்டு நாளை இவ்வூரில் ஒருவர் எப்படிக் கழிக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊரின் அமைப்பிலிருந்தே தொடங்கலாம். அண்ணாமலையை வலமாகச் சுற்றி வருவதே கிரிவலம். அதற்கான பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அப்பாதையில் எட்டுத் திசைக்கும் ஒன்றாக இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கச் சன்னதிகள் உள்ளன. இவற்றை அஷ்ட லிங்கங்கள் என்பர். திருவண்ணாமலை நகரின் பெரிய கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்க, அடி அண்ணாமலை அதற்கு நேர்மாறாக மேற்குப் பக்கத்தில், சுற்றின் ஏறத்தாழ பாதித் தொலைவில் இருக்கிறது. ஆதி அண்ணாமலையார் கோயிலும், இத்தலத்தில் திருவெம்பாவை பாடிய மாணிக்கவாசகருக்கான கோயிலும் இங்கேதான் உள்ளன. இந்த இருப்பிடத்தால் ஊருக்கு ஒரு தனி வசதி வாய்த்திருக்கிறது. 800 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள மலை கிழக்கே நின்று மறைப்பதால், நகரத்துத் தெருக்களில் வெயில் ஏறிய பிறகும் இங்கே நிழல் நீடிக்கிறது. காலை நடைக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. நடையை அன்றாட ஒழுக்கமாகக் கொண்டவர்கள் பலர் இந்தப் பக்கத்தில் வீடு பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவ்வூருக்கு வந்து தங்கியவர்கள் தேடி வந்தது தனிமை. மௌன விரதம் இருப்போரும், சில நாள் கதவடைத்து ஜபத்திலோ வாசிப்பிலோ இருப்போரும், ஒருவரோடு பேசுவதைக் குறைத்துக்கொள்வதை ஒரு பயிற்சியாகவே மேற்கொண்டோரும் இங்கே எந்தத் தெருவிலும் உண்டு. வேறோர் ஊரில் இரண்டு நாள் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள். இங்கே மூடிய கதவைக் கண்டவர் அதை மதித்து, ஓசைப்படாமல் கடந்து போகிறார். அந்த மரியாதை நல்லதுதான், அதைக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் கதவுக்கு உள்ளே இருப்பவர் தியானத்தில் இருக்கிறாரா, எழுந்து தண்ணீர் எடுக்கவும் முடியாமல் 102 டிகிரி காய்ச்சலில் இருக்கிறாரா என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள் பெருகிவரும் ஒரு குடியிருப்பில், ஒருவர் கண்ணில் படாமல் போவதை எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது என்பதே இம்மடலின் கவலை.

இந்தக் கவலைக்கு மறுமொழியாக, தனித்திருத்தலே இத்தலத்தின் மரபு என்று சொல்லப்படுவதுண்டு. அந்த மரபின் தலைமகனாகக் கருதப்படும் ரமண மகரிஷியின் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால் வேறு செய்தி கிடைக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்து, முதலாண்டுகளில் பெரும்பாலும் பேசாமலேயே இருந்தவர் அவர். பின்னர் மலையின் கிழக்குச் சரிவிலுள்ள விரூபாக்ஷ குகையில் பல ஆண்டுகள் தங்கினார். 1914-இல் அவருடைய தாய் அழகம்மாள், திருப்பதி யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில் மகனைப் பார்க்க வந்தபோது, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சலில் விழுந்தார். வீட்டையும் உறவையும் துறந்து வந்த மகன், தாயின் படுக்கையருகே இரண்டு மூன்று வாரங்கள் இருந்து பணிவிடை செய்ததோடு, காய்ச்சல் தணிய வேண்டுமென்று அண்ணாமலையாகிய அருணாசலத்தை வேண்டி நான்கு பாடல்களும் இயற்றினார். தமக்காக எதையும் வேண்டிக் கேளாதவர் என்று அறியப்பட்டவர், தாயின் உடற்சூடு குறைய வேண்டும் என்பதற்காக மலையிடம் நேரடியாக முறையிட்டிருக்கிறார். தாய் குணமடைந்து மானாமதுரைக்குத் திரும்பி, 1916-இல் நிரந்தரமாகவே மகனிடம் வந்து சேர்ந்தார்.

பழனிசுவாமி என்ற கேரளத்து அன்பரைப் பற்றிய செய்தி இம்மடலின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. குருமூர்த்தம் என்னும் இடத்தில் ரமணர் இருந்த காலத்திலேயே வந்து சேர்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிழல் போலத் துணையாயிருந்தவர் அவர். ரமணரும் மற்றவர்களும் மேலேயுள்ள ஸ்கந்தாசிரமத்துக்குக் குடிபெயர்ந்தபோது பழனிசுவாமி விரூபாக்ஷ குகையிலேயே தங்கிவிட்டார். ரமணர் நாள்தோறும் மலைப்பாதையில் இறங்கி வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவதை வழக்கமாகக் கொண்டார். பழனிசுவாமியின் கடைசி வேளையிலும் அவர் அருகிலேயே இருந்தார். அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. மரங்களுக்கிடையே பாறைப் படிகளில் இறங்கும் சிறு நடைதான் அது. நடை வேறு, நண்பரை விசாரித்தல் வேறு, ஆன்ம சாதனை வேறு என்று கூறு போட்டுப் பார்க்கும் இக்காலத்து அன்பர், அந்த ஒரே இறக்கத்தில் மூன்றும் ஒன்றாக நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

காய்ச்சலில் கிடந்தவரின் பக்கத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. 1910-இல் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் பிறந்து, பெனடிக்டின் சபைத் துறவியாகி, 1948-இல் தமிழகம் வந்த ஆன்றி லெ சோ, பிற்காலத்தில் அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் 1950-இல் சாந்திவனம் ஆசிரமத்தை ழூல் மொன்சனினோடு சேர்ந்து நிறுவியவரும் அவரே. 1949 ஜனவரியில் மொன்சனினுடன் ரமணாசிரமத்துக்கு முதன்முதலாக வந்தவர், வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்தார். மகரிஷியை நேரில் கண்டபோது எதிர்பார்த்தது எதுவும் தமக்குள் நிகழவில்லையே என்று முதலில் ஏமாற்றமடைந்திருந்தவருக்கு, அந்தக் காய்ச்சலின் அரைமயக்கத்தில், ஆசிரமத்தில் கேட்ட வேத ஒலியும் மகரிஷியின் தோற்றமும் மனத்தின் அடித்தளம்வரை இறங்கின என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். அந்த நாள்களிலேயே மகரிஷியின் இடக்கையில் ஒரு கட்டி இருந்தது. பிப்ரவரியில் அதற்கு முதல் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று உடல் நீங்கும்வரை, தம்மைப் பார்க்க வருவோரை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. லெ சோ சில ஆண்டுகளில் திரும்பி வந்து அண்ணாமலையின் குகைகளில் தங்கினார். வேலையும் நடையும் பேச்சும் நின்றுபோன ஒரு நாளில்தான் இத்தலம் அவருக்குள் புகுந்தது என்பதால், காய்ச்சல் நாளை வீணான நாளாக எண்ணி வருந்துவோருக்கு இது சொல்லத் தக்கது.

திருக்குறளில் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரம், பெரும்பாலும் உண்ணும் அளவையும் செரிமானத்தையும் பற்றிப் பேசிவிட்டு, இறுதிக் குறளில் மருத்துவம் என்பதையே நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிசெய்பவனும் அங்கே ஓர் உறுப்பாக எண்ணப்படுகிறான். அவன் இல்லாவிட்டால் மருத்துவம் முழுமையாவதில்லை என்பது வள்ளுவரின் கணக்கு. அடி அண்ணாமலையில் முதல் மூன்றுக்கும் குறைவில்லை. நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மருந்துக் கடைகள் இருக்கின்றன, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவருகிறார்கள். நான்காவது உறுப்பை எந்த அரசும் அனுப்பிவைக்க முடியாது. அதை அண்டை வீட்டார்தான் தர வேண்டும்.

விசாரிக்கப் போவதற்கும் ஒரு முறை உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களும் சிறுநகரங்களும் அதை நன்றாகவே அறிந்திருந்தன. உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகிறவர்கள் பிரெட்டும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் புட்டியும் வாங்கிப் போவது வழக்கம். அதைவிட, புழுங்கலரிசியை வறுத்துக் குருணையாக உடைத்துக் காய்ச்சிய கஞ்சியும், கொஞ்சம் பருப்புத் துவையலும் ஒரு தூக்குவாளியில் கொண்டுபோனால் தனியாகச் சமைத்து உண்பவருக்கு அது பெரும் உதவி. போனவர் காலணியை வாசலில் விட்டு, கைகால் கழுவி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணீர்க் குடத்தையும் மாத்திரை அட்டையையும் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்து வந்தால் போதும். தமக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் அங்கே அடுக்குவதும், இது எந்தக் கர்மத்தின் பலன் என்று விளக்கம் சொல்வதும் தவிர்க்க வேண்டியவை. பின்னது இவ்வூரில் சற்று அதிகமாகவே நடக்கிறது. காய்ச்சலோடு இருப்பவரிடம் வினைப்பயன் பேசுவது, எந்த நல்ல நோக்கத்தோடு செய்தாலும், கொடுமைதான். மௌனம் காப்பவரைப் பார்க்கப் போனால் பேச வேண்டிய தேவையே இல்லை. ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம், அல்லது கஞ்சியை வைத்துவிட்டு அவர் தலையசைப்பதைப் பார்த்துத் திரும்பலாம்.

பத்தியம் பற்றியும் ஒரு சொல். நோய்க்கும் மருந்துக்கும் ஒவ்வாத உணவை விலக்கி, எளிதில் செரிப்பதை அளவோடு உண்பதைச் சித்த மருத்துவம் பத்தியம் என்கிறது. காய்ச்சலில் மிளகு ரசமும் இட்லியும் இடியாப்பமும் கொடுப்பது அவ்வகையைச் சேர்ந்தது. நொச்சி இலையைக் கொதிநீரில் போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம் தரும். நிலவேம்பு, வெட்டிவேர், சந்தனம், சுக்கு, மிளகு, பற்படாகம் முதலிய ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரைத் தமிழக அரசே டெங்கு பரவிய காலங்களில் மக்களுக்கு வழங்கியிருக்கிறது. இவற்றையெல்லாம் பின்பற்றுவதில் தவறில்லை; இவற்றை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. தேங்காய்ச் சிரட்டையிலும் பூந்தொட்டித் தட்டிலும் மூடாத தொட்டியிலும் தேங்கும் நல்ல நீரில் முட்டையிடுவது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டு நாளைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்தால், அல்லது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு தென்பட்டால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல் தணிகிற வேளையில்தான் டெங்கு சிலருக்குக் கடுமையாகிறது என்பதால், உடல் குளிர்ந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ளக்கூடாது. ஆஸ்பிரினும் இபுபுரூபனும் இரத்தக் கசிவைத் தூண்டக்கூடியவை. அதனால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மாத்திரையே பரிந்துரைக்கப்படுகிறது.

காய்ச்சலோடு கிரிவலம் போகலாமா என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. பௌர்ணமி தவறக்கூடாது என்றோ, நாள்தோறும் சுற்றுவதாக எடுத்த சங்கல்பம், அதாவது மனத்தில் செய்துகொண்ட உறுதி, முறியக்கூடாது என்றோ உடற்சூட்டோடு 14 கிலோமீட்டர் நடப்பவர்கள் உண்டு. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கூடுகிறது. அதன்மேல் நான்கைந்து மணிநேர நடையைச் சுமத்தும்போது இதயம் இரட்டைப் பளுவைத் தாங்க வேண்டியிருக்கிறது. வைரஸ் காய்ச்சல்களில் சில இதயத் தசையையே அழற்சிக்கு உள்ளாக்கக்கூடியவை என்பதால், அந்நேரத்துக் கடும் உழைப்பு இளைஞருக்கும் கேடு செய்யும். கிரிவலத்தை நிறைமாதக் கர்ப்பிணியான ஓர் அரசி நடப்பதுபோல, அடிமேல் அடிவைத்து மெதுவாக நடக்க வேண்டும் என்பது இத்தலத்தின் மரபு. ரமணரும் அன்பர்களும் கிரிவலம் வந்த காலத்தில், வழியில் தங்கிச் சமைத்து உண்டு, சில வேளை இரண்டு மூன்று நாள்கள்கூட எடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்கள். 1926-ஐ ஒட்டிய காலத்தில் அவர் கிரிவலம் போவதை நிறுத்தினார். முதுமையில் முழங்கால் வாதத்துக்குத் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது, கையில் ஊன்றுகோல் வந்தது. ஆசிரமத்தை அடுத்த சரிவில் சிறு நடையோடு அவர் நிறைவுகொண்டார். இவ்வளவு தெரிந்த பிறகும் காய்ச்சலில் நடப்பதைப் பக்தி என்று அழைப்பது பொருந்தாது.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உடல் இன்னும் தளர்ந்திருக்கும்போது, வீட்டிலிருந்து ஆதி அண்ணாமலையார் கோயில் வரையோ பக்கத்து நண்பர் வீடு வரையோ போய்த் திரும்பும் குறுநடைக்கு ஒரு தனி இன்பம் உண்டு. வேகமாக நடக்கிறவர் காணாததை அந்தத் தளர்நடை காட்டுகிறது. ஐப்பசியில் இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் தெற்கே வந்து சேரும் தோட்டக்கள்ளன் என்னும் பறவை, விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல்கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்றும் பெயர் பெற்றது. புதர்த் தரையில் இலைச்சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் அதைக் காண நின்று பார்க்கும் பொறுமை வேண்டும். செம்போத்து, வால்காக்கை, தவிட்டுக்குருவிக் கூட்டம், அகவிக்கொண்டே சாலையைக் கடக்கும் மயில், காட்டோரத்தில் மேயும் புள்ளிமான் ஆகியவை ஆண்டு முழுவதும் உள்ளவை. 1980-களில் பெரும்பாலும் மொட்டையாக நின்ற மலை இவ்வளவு பசுமை கண்டது, அப்போதிருந்து இன்றுவரை கன்று நட்டும், கோடையில் தண்ணீர் சுமந்தும், தீயணைத்தும் உழைத்த உள்ளூர் மக்களாலும் தன்னார்வக் குழுக்களாலும் வனத்துறையாலும்தான்.

அந்த உழைப்பை மதித்து நடக்க வேண்டியிருக்கிறது. மாசி முதல் சித்திரை வரை மலைச் சரிவின் புல், அதிலும் எண்ணெய் கொண்ட எலுமிச்சைப்புல், ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். பாறையோரம் கற்பூரம் ஏற்றுவதும் பீடித்துண்டு எறிவதும் பல ஆண்டு வளர்ச்சியை ஒரே பிற்பகலில் அழித்துவிடும். வனத்துறை அனுமதியின்றி மலைச்சரிவில் ஏறுவதற்கு உள்ள தடையை, புதிதாக வந்தவர்கள் ஓர் இடையூறாகக் கருதுகிறார்கள். ஆனால் 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் நகரப் பக்கத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அவ்வாண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலையேறவும் அனுமதிக்கப்படவில்லை. இந்த மலை நனைந்த மண்ணும் உருளும் பாறையும் கொண்டதும்கூட என்பதை அந்தத் துயரத்துக்குப் பின் யாரும் மறக்க முடியாது. உடல் தேறிவரும் ஒருவர் தனியாகக் காட்டுத் தடத்தில் போகாமல், ஊர்ச் சாலையிலேயே துணையோடு நடப்பது எல்லா வகையிலும் நல்லது.

ஆகவே, வரும் மழைக்காலத்துக்கு முன் அன்பர்கள் ஒரு சிறு ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டுமென்று இம்மடல் கேட்கிறது. சங்கமோ சந்தாவோ இதற்குத் தேவையில்லை. ஒவ்வொருவரும் தம் தெருவிலேயே இருக்கும் ஒருவரிடம், மகன் அல்லது மகளின் தொலைபேசி எண்ணையும், தாம் உண்ணும் மருந்துகளின் பெயரையும், மாற்றுச் சாவி ஒன்றையும் கொடுத்துவைக்கலாம். மௌனத்தில் இறங்குவோர், இன்ன நாள்வரை என்று அந்த ஒருவருக்கு மட்டும் சொல்லிவிட்டு இறங்கலாம். நாள்தோறும் காலையில் வாசல் திண்ணையில் ஒரு செம்பை வெளியே எடுத்துவைத்து, மாலையில் உள்ளே எடுத்துக்கொள்வது என்று இருவரும் பேசிவைத்தால், மௌனம் கலையாமலே அவர் நலம் தெரிந்துவிடும். செம்பு எடுக்கப்படாமல் இருந்தால் கதவைத் தட்டலாம், உரக்கக் கூப்பிடலாம், தேவையானால் 108-ஐ அழைக்கலாம். அப்படித் தட்டியதற்காக யாரும் சினந்துகொள்வதில்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊரில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டும். பால் ஊற்றுகிறவர், பூக்கட்டி விற்கும் அம்மா, டீக்கடைக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆகியோருக்குத்தான் யார் இன்று வெளியே வரவில்லை என்பது முதலில் தெரிகிறது. வெளியூரிலிருந்து வந்த அன்பர்கள் தங்களுக்குள்ளேயே பழகி, இவர்களிடம் விலை பேசுவதோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், ஆரஞ்சோ பிரெட்டோ வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து விசாரித்துவிட்டு வருவதிலிருந்து இந்த ஏற்பாட்டைத் தொடங்கலாம்.